களா: வேலிக்கு முள், ஜாடிக்குக் காய்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளிலிருந்து அடிக்கடி ஒரு கேள்வி வரும்: "அங்கே கொல்லையிலேயே ராஸ்பெர்ரி பறித்துத் தின்றோம். காரைக்குடியில் வைத்தால் வருமா?" வராது என்பதுதான் பதில். வாங்கிவந்து ஏமாறாமல் இருக்க அதன் காரணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது.

ராஸ்பெர்ரி குளிர்தேசச் செடி. முதல் ஆண்டு தழைக்கும் தண்டு குளிர்காலம் முழுக்க உறங்கி, மறு ஆண்டு பூத்துக் காய்த்துவிட்டுக் காய்ந்துபோகும். அந்த உறக்கம் கலைய, பெரும்பாலான ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல் குளிர் பிடிக்க வேண்டும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. செடி பிழைத்தாலும் பூக்காது. சித்திரை வெயிலில் பிழைப்பதும் சந்தேகம்.

தமிழ்நாட்டிலேயே ராஸ்பெர்ரி இனம் உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சாலையோரப் புதர்களில் மஞ்சளாகவும் கறுப்பாகவும் பழுத்துக் கிடக்கும் காட்டு முள்பழங்கள் அந்தக் குடும்பம்தான். அவற்றில் கறுப்புப் பழம் தருவதை உலகம் மைசூர் ராஸ்பெர்ரி என்று அழைக்கிறது. நீண்ட குளிர் உறக்கம் கேட்காத வகை என்பதால் 1948இல் அதை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். அதே செடி கலாபகோஸ் தீவுகளில் புகுந்து, காட்டை மூடும் களையாக மாறி, இன்றுவரை அங்கே தலைவலியாக இருக்கிறது. மலையின் ஈரமும் மிதமான வெயிலும் கிடைத்தால் அது பரவும். செட்டிநாட்டுச் செம்மண்ணிலும் அனல் காற்றிலும் ஒரு கோடையைத் தாண்டுவதே பெரிய பாடு.

ஆகவே இந்த அத்தியாயம் ராஸ்பெர்ரிக்கு இங்கே ஈடான செடியைப் பற்றியது. முள் உள்ள புதர், கையளவில் பறிக்கும் சிறு பழம், புளிப்பும் துவர்ப்பும் கலந்த ருசி, ஜாமுக்கும் ஊறுகாய்க்கும் ஏற்ற சதை. இவை எல்லாம் சேர்ந்த நம் மண்ணின் செடி களா. கிளா என்று சொல்பவர்களும் உண்டு. தாவரப் பெயர் கரிசா கரண்டாஸ்.

ஏன் களா?

சிவகங்கைச் சீமையின் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் ஏழெட்டு மாதம் வானம் பார்த்த பூமிதான். இந்தத் தாளத்துக்குப் பழகிய செடி களா. இலை தடித்தது, பளபளப்பானது. வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும். சரளை மண்ணிலும் ஓரளவு உப்புத் தண்ணீரிலும் நிற்கும். பத்துப் பன்னிரண்டு அடிவரை வளரும். முற்றிய முள் ஆட்டையும் மாட்டையும் அண்டவிடாது.

இந்தச் செடிக்கும் தமிழருக்கும் உள்ள பழக்கம் பழையது. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து பாடும் சேர மன்னனின் பெயரே களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல். களங்காய்க் கண்ணியும் நாரால் செய்த முடியும் சூடியதால் அந்தப் பெயர் என்பார்கள்.

இத்தனை இருந்தும், "களா தானாக வளரும், கவனிக்க வேண்டியதில்லை" என்று சொல்வதைக் கேட்டு நட்டுவிட்டுப் போகாதீர்கள். தானாக வளரும் என்பது உண்மை. நன்றாகக் காய்ப்பது, முதல் இரண்டு கோடையில் நீங்கள் ஊற்றும் தண்ணீரையும், எந்த மாதத்தில் கத்தரி வைக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. இனி வரும் எல்லாமே இந்த இரண்டின் விரிவுதான்.

முதல் முடிவு: வேலியா, பழமா?

கன்று வாங்கும் முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள். களாவின் பூங்கொத்து கிளையின் நுனியில் வரும். வேலியை அழகாக வைக்க நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால் வேலி அடர்ந்து நிற்கும், காய் குறையும். காய்க்காக விட்டால் புதர் கன்னாபின்னாவென்று விரியும், இடம் வேண்டும்.

வேலிக்கு: 2 அடிக்கு ஒன்றாக நடுங்கள். நூறு அடி நீளத்துக்கு ஒற்றை வரிசையில் 50 கன்று பிடிக்கும். ஆடு புகாத அடர்த்தி வேண்டுமென்றால் ஒன்றரை அடி தள்ளி இன்னொரு வரிசை, முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக வருமாறு நடுங்கள்.

பழத்துக்கு: செடிக்குச் செடி 10 அடி. இந்தக் கணக்கில் ஏக்கருக்கு 435 செடி வரும். ஆனால் முதல் வருடமே ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். நன்கு வளர்ந்த புதர் ஒன்று 3 முதல் 5 கிலோ தரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கரில் ஒரே பருவத்தில் ஆயிரம் கிலோவைத் தாண்டிக் காய் வந்து விழும். மாம்பழம்போல இதற்கு எப்போதும் ஆள் காத்திருக்கும் சந்தை கிடையாது. ஊறுகாய் போடுபவர் யார், எவ்வளவு எடுப்பார் என்று கேட்டுவிட்டுப் பரப்பைக் கூட்டுங்கள். வீட்டுத் தேவைக்கு நான்கு செடி தாராளம்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. வேலியின் வெளிப்பக்கத்தையும் பாதையோரத்தையும் மட்டும் கத்தரியுங்கள்; உட்பக்கத்தையும் உச்சியையும் காய்க்க விடுங்கள்.

சீமைக்கருவேல வேலியை எடுத்துவிட்டுக் களா வைக்க நினைப்பவர்கள் கவனிக்க: கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். தூரோடு தோண்டி எடுத்து, ஒரு மழை பெய்ய விட்டு, முளைத்துவரும் கன்றுகளையும் பிடுங்கிய பிறகே களா நடுங்கள். இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீரெல்லாம் கருவேலத்துக்குத்தான் போகும்.

மண்ணும் குழியும்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் மேல்மண் மெல்லியது. அதற்கு அடியில் செம்பராங்கல். இந்தக் கல்தான் இங்கே தோட்டக்காரரின் முதல் சோதனை. குழி வெட்டும்போது கல் தட்டினால் அதோடு நிறுத்திவிட்டு நடக்கூடாது. மழையில் அந்தக் குழி தொட்டியாகத் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும். களா வறட்சியைத் தாங்கும், வேரில் நிற்கும் தண்ணீரைத் தாங்காது.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுங்கள். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலையில் பாருங்கள். வடிந்திருந்தால் நடலாம். தேங்கி நின்றால் கடப்பாரையால் அடிக்கல்லை ஒரு பக்கமாவது உடைத்து வழி விடுங்கள். உடையாத பாறையாக இருந்தால் அந்த இடத்தில் ஓரடி உயரத்துக்கு மண் அணைத்து மேட்டின்மேல் நடுங்கள்.

தோண்டிய மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு கால் கிலோ கலந்து குழியை நிரப்புங்கள். சரளை மண்ணில் கறையான் அதிகம். வேப்பம் பிண்ணாக்கு அதற்காகத்தான். மக்காத சாணத்தைப் போட்டால் கறையானை வெற்றிலைபாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகிவிடும். பெரிய பரப்பில் நடுவதாக இருந்தால், குன்றக்குடியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனை பற்றிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கன்று எங்கிருந்து?

மூன்று வழிகள் உள்ளன.

விதை: மலிவு, வேலிக்குப் போதும். ஆடி, ஆவணியில் கருநீலமாகப் பழுத்த பழத்தைப் பிசைந்து, விதையைக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி உடனே விதைத்துவிடுங்கள். களா விதையை எடுத்துவைத்து அடுத்த வருடம் போடலாம் என்பது நடக்காது. முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். பையில் ஒரு வருடம் வளர்த்து, மறு புரட்டாசியில் நிலத்துக்கு மாற்றலாம். நட்ட இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கத் தொடங்கும். ஒரே மரத்து விதையானாலும் ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு மாதிரி காய்க்கும்.

விண்பதியம்: உங்களுக்குப் பிடித்த புதரின் அதே காய் வேண்டும் என்றால் இதுதான் நம்பகமான வழி. மழைக்காலத்தில், பென்சில் பருமனுள்ள ஒரு வருடக் கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி எடுங்கள். வெள்ளைப் பால் வடியும், ஈரத்துணியால் துடையுங்கள். ஈரமான தென்னைநார்க் கழிவை வைத்து பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தாளின் ஊடே வேர் தெரியும். கீழே வெட்டிப் பையில் மாற்றி, நிழலில் தேற்றிய பிறகு நடுங்கள்.

போத்து நட்டும் எடுக்கலாம். ஆனால் வேர் ஊக்கி தொட்டு வைத்தாலும் எல்லாம் பிடிக்காது. பத்துக்குப் பத்தும் தேறும் என்று கணக்குப் போடாதீர்கள்.

பெயர் உள்ள ரகங்கள்: உத்தராகண்டின் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட பந்த் மனோகர், பந்த் சுதர்ஷன், பந்த் சுவர்ணா, மகாராஷ்டிரத்தின் தபோலி வேளாண் பல்கலைக்கழகம் தந்த கொங்கண் போல்ட். முதல் இரண்டின் காய் வெள்ளையில் இளஞ்சிவப்பு ஓடியது, பார்க்க அழகு. கொங்கண் போல்ட் பெரிய காய். அவை கிடைக்கவில்லையென்றாலும் குறையில்லை. உங்கள் ஊரிலேயே பெரிய காயும் குறைந்த துவர்ப்பும் உள்ள புதர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பதியம் போடுங்கள். இந்த வெயிலில் தேறிய செடி அது.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. அழகுச்செடிக் கடைகளில் இதன் ஆப்பிரிக்க உறவான நேட்டால் பிளம் செடியையும் களா என்று தருவார்கள். பூ பெரியது, முள் கவையாகப் பிரிந்தது. பழம் உண்ணத்தக்கதே, ஆனால் ஊறுகாய்க்கு நாம் தேடும் களாக்காய் அதுவல்ல.

நடவு

புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி நடுவரை நடுங்கள். வடகிழக்குப் பருவமழை உங்களுக்காகத் தண்ணீர் ஊற்றும். கோடை வருமுன் வேர் பிடிக்க ஐந்து மாதம் கிடைக்கும். தை, மாசியில் நட்டால் அந்த வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும்.

பையில் இருந்த மண்மட்டத்துக்கே நடுங்கள், ஆழமாகப் புதைக்க வேண்டாம். சுற்றி இரண்டடி வட்டத்தில் பாத்தி கட்டி, கடலைத்தோலோ காய்ந்த இலையோ நான்கு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். இளங்கன்றின் முள் மென்மையானது, ஆடு கடிக்கும். முதல் இரண்டு வருடம் முள்கிளையையோ கம்பி வலையையோ சுற்றி வையுங்கள்.

தண்ணீர்

முதல் இரண்டு கோடையில், தை முதல் ஆனி வரை, வாரம் ஒருமுறை செடிக்கு 10 லிட்டர். தினம் ஒரு செம்பு தெளிப்பதைவிட வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றுவதே மேல்; அப்போதுதான் வேர் கீழே இறங்கும்.

வெளியூரில் இருந்துகொண்டு பூர்வீக வீட்டுக் கொல்லையில் செடி வைப்பவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். அவர்களுக்குப் பானைப் பாசனம் உகந்தது. மானாமதுரைச் சூளையிலிருந்து வரும், வண்ணம் பூசாத 10 லிட்டர் மண்பானையைச் செடியிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, தட்டால் மூடுங்கள். மூடாவிட்டால் கொசு முட்டையிடும். மண் காயக் காய, தண்ணீர் பானையின் சுவரில் கசிந்து வேருக்குப் போகும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் இருமுறை வந்து நிரப்பினால் போதும்.

செட்டிநாட்டு வீடுகளின் வளவுக் கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து வெளியேறும் வழி, பல வீடுகளில் இன்றும் சரியாக இருக்கிறது. கிணற்றுக்குப் போனது போக வழியும் நீரைக் கொல்லைப் பாத்திக்குத் திருப்பிவிடலாம்.

மூன்றாம் ஆண்டிலிருந்து செடி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் காய் மிளகு அளவுக்கு வந்ததிலிருந்து முற்றும்வரை பதினைந்து நாளுக்கு ஒரு தண்ணீர் கொடுத்தால் பிஞ்சு உதிர்வது குறையும், காய் பருக்கும். பூக்கும் முன், தை மாதத்தில், தண்ணீரை வாரி இறைக்க வேண்டாம். தழை ஓடும், பூ பிந்தும்.

உரம் அதிகம் வேண்டாம். வருடம் ஒருமுறை, மழை தொடங்குமுன், வளர்ந்த புதருக்கு 10 முதல் 15 கிலோ தொழுவுரம் போதும்.

கவாத்து

பறிப்பு முடிந்த கையோடு, ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் செய்யுங்கள். மழையில் புதுத்தளிர் வந்து, மாசியில் அதன் நுனியில் பூக்கும். மார்கழி, தையில் கத்தரி வைத்தால் அந்த வருடக் காயையே வெட்டி எறிந்ததாகும்.

முதல் இரண்டு வருடம் அடியிலிருந்து மூன்று நான்கு தண்டை மட்டும் விட்டு மற்றதை எடுங்கள். பிறகு காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, தரையில் படுப்பது இவற்றை மட்டும் நீக்கி, நடுவில் வெளிச்சம் படும்படி விடுங்கள். பத்துப் பதினைந்து வருடம் ஆகி உள்ளே வெறும் குச்சியாகிப்போன புதரை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் மழையில் மறுபடி தழைக்கும். அடுத்த பருவம் காய் இருக்காது; அதற்கு அடுத்ததில் வரும்.

தோல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் இறங்காதீர்கள். வெட்டிய முள்கிளையை அன்றே அள்ளி ஒரே இடத்தில் குவியுங்கள். செருப்பைத் துளைக்கும் முள் இது.

பூச்சி, நோய்

களாவுக்குப் பெரிய எதிரிகள் இல்லை. மழைக்குப் பின் தளிரைப் புழு தின்னும். கையால் பொறுக்கினால் போதும். கோடையில் மாவுப்பூச்சி வந்தால் வேகமான தண்ணீரால் அடித்துக் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. இலை மஞ்சளாகி மொத்தமாக உதிர்ந்தால் பூச்சியைத் தேடுமுன் வேரடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள்.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு: களா அரளிக் குடும்பத்துச் செடி, ஒடித்தால் இரண்டிலும் பால் வரும். களாப்பழம் தின்னலாம், அரளியில் எந்தப் பகுதியும் நஞ்சு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். எது எது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள்.

பறிப்பு

மாசி, பங்குனியில் வெள்ளைப் பூ மணக்கும். ஆனி முதல் ஆவணி வரை காய். ஒரே நாளில் எல்லாம் முற்றாது. மூன்று நான்கு முறை பறிக்க வேண்டும். எதற்கு என்பதைப் பொறுத்துப் பறிக்கும் பதம் மாறும்.

ஊறுகாய்க்கு: முழு அளவு வந்து, பச்சையில் சிவப்பு ஓடத் தொடங்கியதும்.
ஜெல்லிக்கு: பாதி சிவந்தது. கூழாக உறையவைக்கும் பெக்டின் அப்போது நிறைய இருக்கும்.
தின்பதற்கு: கறுத்து, தொட்டால் இளகுவது.

காயை இழுக்காமல் காம்போடு கத்தரியுங்கள். பச்சைக்காய் நிழலில் ஒரு வாரம் நிற்கும். பழுத்தது இரண்டு மூன்று நாள்தான்.

அடுக்களையில்

கேக்கின்மேலும் பன்னுக்குள்ளும் இருக்கும் சிவப்புச் செர்ரியில் பெரும்பகுதி செர்ரியே அல்ல. விதை நீக்கிச் சாயமேற்றிப் பாகில் ஊறிய களாக்காய். அதைக் காசு கொடுத்து வாங்கும் நாம், கொல்லையில் காய்ப்பதை ஒரு ஜாடியாவது போட்டுவைக்கலாம்.

களாக்காய் ஊறுகாய்: ஒரு கிலோ காயைக் கழுவி, இரண்டாக வகிர்ந்து, விதையைக் கத்திமுனையால் எடுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. உப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு எடுத்தால் பாலும் துவர்ப்பும் குறையும். ஈரம் போகத் துணியில் உலர்த்தி, 150 கிராம் கல்லுப்பும் ஒரு கரண்டி மஞ்சள்தூளும் பிசறி, பீங்கான் ஜாடியில் மூன்று நாள், தினம் ஒருமுறை குலுக்கி வையுங்கள். நான்காம் நாள் 100 கிராம் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயமும் கடுகும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, கொஞ்சம் பெருங்காயம் சேருங்கள். கால் லிட்டர் நல்லெண்ணெயைக் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றுங்கள். புளி தேவையில்லை, புளிப்பு காயிலேயே இருக்கிறது. எண்ணெய் மேலே மிதக்க வேண்டும், கரண்டி ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பத்து நாளில் ஊறிவிடும். தயிர்ச்சோற்றுக்கு இதைவிடத் துணை வேண்டாம்.

ஜெல்லி: பாதி சிவந்த காய் ஒரு கிலோவை நசுக்கி, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் அரைமணி வேகவைத்து, துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிழிந்தால் கலங்கும். இறங்கிய சாறு ஒரு லிட்டருக்கு முக்கால் கிலோ சர்க்கரை போட்டுக் கொதிக்கவிடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் சொட்டாக விழாமல் தகடுபோல் வழியும் பதத்தில் இறக்கிக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள்.

வருட வேலை ஒரு பார்வையில்

தை: தண்ணீரைக் குறை, மூடாக்கைப் புதுப்பி. இளங்கன்றுக்கு மட்டும் வாராந்திரத் தண்ணீர்.
மாசி, பங்குனி: பூ. மருந்து எதுவும் தெளிக்காதே, தேனீ வரும்.
சித்திரை, வைகாசி: பிஞ்சு. பதினைந்து நாளுக்கு ஒரு தண்ணீர், மாவுப்பூச்சி பார்.
ஆனி, ஆடி, ஆவணி: பறிப்பு, ஊறுகாய், ஜெல்லி, பழுத்ததில் விதை எடுத்து உடனே விதை.
ஆவணிக் கடைசி, புரட்டாசி: கவாத்து, தொழுவுரம், புதிய குழி.
ஐப்பசி: நடவு, விண்பதியம்.
கார்த்திகை, மார்கழி: தேங்கும் தண்ணீரை வடி; தளிர்ப் புழுவைப் பொறுக்கு; கத்தரியைப் பரணில் போடு.